ஊர் மாறப் போகிறீர்களா? வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்!

பிழைப்புக்காக ஊர் மாறுவது நம் நாட்டில் புதிய செய்தி அல்ல. மழை பொய்த்தால் மாறுகிறார்கள். வேலை போனால் மாறுகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் மாறுகிறார்கள்.

ஆனால், எந்த ஊருக்கு மாறுவது?

"வாடகை எங்கே குறைவோ, அங்கே!" என்று பலர் சட்டென்று பதில் சொல்லி விடுவார்கள்.

இந்தப் பதில் பாதிதான் சரி. மறு பாதியைக் கவனிக்காதவர்கள், கையில் இருந்த பணத்தைக் கரைத்து விட்டு, கடனோடு பழைய ஊருக்கே திரும்ப நேரிடும்.

அந்த மறு பாதி என்ன? பள்ளிகொண்டாவில் இருந்து கிளம்பும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

நாலு பக்கமும் வழி

பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் இருக்கும் பேரூர். உத்தர ரங்கநாதர் கோவில் உள்ள ஊர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது.

கிழக்கே போனால் வேலூர். மேற்கே போனால் ஆம்பூர். இரண்டும் சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. பாலாற்றைக் கடந்து வடமேற்கே போனால் குடியாத்தம். அது இன்னும் பக்கம். வேலூரையும் தாண்டினால் ராணிப்பேட்டை.

இப்படி ஓர் ஊரில் இருப்பவருக்கு வழிகள் அதிகம். வழி அதிகமானால் குழப்பமும் அதிகம்!

கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், சர்க்கரை நோய் உள்ள பாட்டி என்று ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

"வேலூருக்கு வெளியே 4 ஆயிரத்துக்கு ஒரு வீடு இருக்கிறதாம். போய் விடலாமா?" என்கிறார் கணவர்.

"வாடகை சரிங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? அத்தைக்கு மருந்து எங்கே வாங்குவது?" என்கிறாள் மனைவி.

மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நகரத்துக்கு வெளியே உள்ள அந்த வீட்டுக்கு வாடகை 4,000 ரூபாய். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. அதற்கு வாடகை 5,500 ரூபாய். எது மலிவு?

வெளியே உள்ள வீட்டில் இருந்து கணவர் வேலைக்குப் போய் வர, நாள் ஒன்றுக்கு பஸ் செலவு 60 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 26 நாள் வேலை. அதற்கு 1,560 ரூபாய்.

பையனுக்குப் பள்ளிக்கூட வேன் 1,000 ரூபாய். குடிக்கத் தண்ணீர், கேன் 35 ரூபாய் வீதம் மாதம் 10 கேன். அதற்கு 350 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டுங்கள். 4,000 ரூபாய் வீட்டுக்கு மாதம் 6,910 ரூபாய் ஆகிறது!

பக்கத்து வீட்டிலோ, கணவர் நடந்தே வேலைக்குப் போகலாம். பையனும் நடந்தே பள்ளிக்கூடம் போகலாம். குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. 5,500 ரூபாயோடு செலவு முடிந்தது.

மாதம் 1,410 ரூபாய் மிச்சம். ஒரு வருடத்துக்கு 16,920 ரூபாய்!

இவை உதாரணக் கணக்குகள்தான். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் தொகை மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. வாடகை, பஸ், பள்ளிக்கூடம், தண்ணீர், மருந்து ஆகிய ஐந்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் வீட்டின் உண்மையான வாடகை தெரியும்.

அடுத்து வரவைப் பாருங்கள். அந்த ஊரில் வீட்டில் இன்னொருவருக்கும் வேலை கிடைக்குமா? செலவை மட்டும் குறைக்கும் ஊரைவிட, இரண்டாவது சம்பளம் தரும் ஊர் நல்லது.

இந்தக் கணக்கோடு ஒவ்வோர் ஊராகப் போய் வருவோம்.

வேலூர்: ஆஸ்பத்திரியும் படிப்பும்

வேலூரின் பெரிய பலம் ஆஸ்பத்திரி. 1900-ம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வீட்டில் நீண்ட நாள் நோயாளி இருந்தால், இதன் மதிப்பு வாடகையைவிடப் பெரியது.

கல்லூரிகளும் அதிகம். மகள் இன்னும் ஐந்து ஆண்டில் கல்லூரிக்குப் போவாள். அன்று விடுதிச் செலவு மிச்சம் ஆகும்.

ஆனால் வேலூரில் ஒரு சிக்கல் உண்டு. சி.எம்.சி.க்கு வடகிழக்கு மாநிலங்களில் இருந்தும், மேற்கு வங்காளத்தில் இருந்தும் நோயாளிகள் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். அதனால் ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள தெருக்களில் அறைகளுக்குக் கிராக்கி. காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்களால் கிராக்கி. இந்த இரண்டு இடங்களிலும் ஏழைக் குடும்பம் வீடு தேடுவது வீண் அலைச்சல்.

நகரத்தின் மேற்கு ஓரத்தில், பள்ளிகொண்டாவை நோக்கி வரும் சாலையில் தேடலாம். பொய்கை, விரிஞ்சிபுரம் ஆகிய ஊர்கள் அந்த வழியில் இருக்கின்றன. சொந்த ஊருக்கும் போய் வரலாம். நகரத்துக்கும் போய் வரலாம்.

ஆம்பூர்: இரண்டு பேருக்கும் வேலை

ஆம்பூர் என்றால் பிரியாணி என்பார்கள். ஆனால் ஊருக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும்தான். 2019-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி புதிதாகப் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இப்போது ஆம்பூர் இருக்கிறது.

ஷூ கம்பெனிகளில் பெண்களுக்கு வேலை அதிகம். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் வேலையில் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். மனைவியும் சம்பாதிக்க வேண்டும் என்றால், இந்தச் சுற்று வட்டாரத்தில் ஆம்பூரை முதலில் பார்க்க வேண்டும். ஊருக்குள்ளேயே ரெயில் நிலையமும் உண்டு.

வேலையில் சேரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. உண்டா? பி.எப். உண்டா? சம்பளம் எந்தத் தேதியில் வரும்?

ஈ.எஸ்.ஐ. இருந்தால் தொழிலாளிக்கு மட்டும் அல்ல. அவருடைய குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் உண்டு. ஆகவே 500 ரூபாய் கூடுதல் சம்பளம் தந்து ஈ.எஸ்.ஐ. இல்லாத வேலையைவிட, ஈ.எஸ்.ஐ. உள்ள வேலை மேல்.

ஆம்பூரிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊர் முழுவதும் ஒரே தொழிலை நம்பி இருக்கிறது. ஷூ போடும் கால்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே தையல் மெஷின் நிற்கும். 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் அது தெரிந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தபோது மீண்டும் கலக்கம் ஏற்பட்டது.

அதனால் கணவன், மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் சேர வேண்டாம். ஒருவர் ஷூ கம்பெனி என்றால், மற்றவர் வேறு தொழிலில் இருப்பது நல்லது. ஒரு கதவு மூடினாலும் மறு கதவு திறந்திருக்கும்.

குடியாத்தம்: கைத்தொழில் ஊர்

1954-ம் ஆண்டில் முதல்-அமைச்சரான காமராஜர், சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது குடியாத்தம் தொகுதியில் இருந்துதான். கைத்தறி லுங்கிக்கும், தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற ஊர்.

இங்கே வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலைகள் கிடைக்கும். கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு அது வசதி. ஆனால் வீட்டு வேலைக்குக் கூலி குறைவு. பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ., பி.எப். இருக்காது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரெயிலில் தினமும் போய் வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குடியாத்தம் ரெயில் நிலையம் ஊருக்குள் இல்லை, தள்ளி இருக்கிறது. வீடு பார்க்கும்போது நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள்.

ராணிப்பேட்டை: எங்கே படுப்பது?

ராணிப்பேட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தோல் தொழிற்சாலைகளும் வேறு தொழில்களும் இருக்கின்றன. ஆண்களுக்கு வேலை கிடைக்கும்.

"தங்க இடமும் நாங்களே தருகிறோம். வாடகை இல்லை!" என்று யாராவது சொன்னால் உடனே மகிழ்ந்து விடாதீர்கள்.

2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. கழிவுச் சேறு பக்கத்தில் இருந்த தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் அதில் சிக்கினார்கள். 10 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

வேலை செய்யும் இடம் வேறு. தூங்கும் இடம் வேறு. வாடகை மிச்சம் என்பதற்காகத் தொழிற்சாலைக்குள் குடியிருக்காதீர்கள்.

சென்னையும் பெங்களூருவும்

"பெரிய நகரத்துக்கே போய் விட்டால் என்ன?" என்று கேட்கலாம். சம்பளம் கூடும், உண்மை. வாடகையும் முன்பணமும் அதைவிட வேகமாகக் கூடும். பெங்களூரு என்றால் பிள்ளைகள் கன்னடமும் படிக்க வேண்டும். வேலை உறுதியாகி, ஒருவர் முதலில் போய் மூன்று மாதம் இருந்து பார்த்த பிறகே குடும்பத்தை அழைத்துப் போக வேண்டும்.

தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் வீடு பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்.

தோல் கழிவால் பாலாற்றுப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டுப்போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, இந்த வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட்டு புகழ் பெற்ற தீர்ப்பைக் கூறியது. "கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

மேட்டூரில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த ஊர்களுக்கு வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் தெருவுக்கு அது வருகிறதா? எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். குழாயடியில் நிற்கும் பெண்களைக் கேளுங்கள்! உண்மை தெரிந்து விடும்.

போர்வெல் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரிக்கிறதா? சோப்பு நுரைக்கிறதா? இல்லை என்றால் குடிக்கக் கேன் தண்ணீர்தான். அந்தச் செலவை வாடகையோடு சேருங்கள்.

அடுத்து, சுவரைப் பாருங்கள். 2021-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பெய்த பெருமழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். வெடிப்பு விட்ட சுவர், ஊறிப்போன அடிமட்டம், ஆற்றோரப் பள்ளம் ஆகியவை உள்ள வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முன்பணம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் வாடகைக்குப் புதுச் சட்டம் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பணம் எவ்வளவு, மின்சாரத்துக்கு யூனிட் எத்தனை ரூபாய், காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

"லீசுக்கு வாருங்கள். மொத்தப் பணம் கொடுத்தால் மாத வாடகையே இல்லை" என்பார்கள். அந்த வீடு அடமானத்தில் இருந்தால் உங்கள் பணத்துக்கு ஆபத்து. வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளின் படிப்பு

ஊர் மாறுவதற்கு நல்ல காலம், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு வரும் கோடை விடுமுறை. நடு வருடத்தில் மாறினால் பிள்ளைகளின் படிப்பு கெடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருடம் மாறவே வேண்டாம். நம் உதாரணக் குடும்பத்தில் மகள் எட்டாம் வகுப்பு. இந்தக் கோடையில் மாறினால் ஒன்பதாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பழகிக்கொள்வாள். இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் நேராகப் பத்தாம் வகுப்பில் போய் விழுவாள்!

மாற்றுச் சான்றிதழ் கிடைக்கத் தாமதம் ஆகிறதா? பயப்பட வேண்டாம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதம் என்ற காரணத்தைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் மதிய உணவு உண்டு. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்தால், தாய் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

அரசு டவுன் பஸ்களில் 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பயணம் வந்தது. ஆகவே வீடு கொஞ்சம் தள்ளி இருந்தாலும், அந்த வழியில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ் போகிறதா என்று பாருங்கள். தனியார் பஸ் மட்டும் போகும் தெரு என்றால் அந்தச் சலுகை கிடையாது.

ரேஷன் கார்டைப் பற்றியும் கவலை வேண்டாம். 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்குள் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். முகவரி மாற்றத்துக்கு நிதானமாக மனுக் கொடுக்கலாம்.

கையில் இவ்வளவு இருக்கிறதா?

5,500 ரூபாய் வாடகை வீட்டுக்குக் குடி போக என்ன செலவு ஆகும்? மூன்று மாத முன்பணம் 16,500. முதல் மாத வாடகை 5,500. சாமான் ஏற்ற வண்டி, ஆள் கூலி 4,000. சில்லறைச் செலவு 2,000. முதல் சம்பளம் வரும் வரை சாப்பாட்டுக்கு 10,000.

மொத்தம் 38 ஆயிரம் ரூபாய்! புரோக்கர் மூலம் போனால் இன்னும் ஒரு மாத வாடகை சேரும்.

இந்தத் தொகை கையில் இல்லாமல் வண்டியில் சாமான் ஏற்றாதீர்கள். தாலியை அடகு வைத்து முன்பணம் கட்டினால், அதற்கு வட்டியும் மாதம் தோறும் வாடகையோடு சேரும்.

அப்படியானால் எந்த ஊர்?

வீட்டில் இரண்டு பேர் தொழிற்சாலை வேலைக்குப் போக முடியும் என்றால், ஆம்பூர். வீட்டில் பெரிய நோய் இருந்தால், அல்லது கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால், வேலூரின் மேற்கு ஓரம். கைத்தொழில் தெரியும், கையில் பணம் குறைவு என்றால், குடியாத்தம். ஒருவருக்கு மட்டும் ராணிப்பேட்டையில் வேலை என்றால், முதலில் அவர் மட்டும் போகட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அதைப் பலர் மறந்து விடுகிறார்கள். பள்ளிகொண்டாவிலேயே இருப்பது!

பல ஷூ கம்பெனிகள் சுற்றுக் கிராமங்களுக்கு வண்டி அனுப்பித் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கின்றன. கம்பெனி வண்டி உங்கள் தெரு முனைக்கே வருமானால், எதற்காக 38 ஆயிரம் ரூபாயைச் செலவழிக்க வேண்டும்? சொந்த வீடு இருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஒரு நோட்டை எடுங்கள். ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஐந்து செலவையும் இரண்டு சம்பளத்தையும் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். பாட்டியையும் கேளுங்கள், மகளையும் கேளுங்கள். மாதக் கடைசியில் எந்தப் பக்கத்தில் பணம் மிஞ்சுகிறதோ, அதுதான் உங்கள் ஊர்!